உப்புக் காற்றில் ஒரு கேம்பர் வான்: உப்புவெளித் தம்பதியர் ஒருவரின் இரண்டு ஆண்டுகள்

திருகோணமலை உப்புவெளியில் வசிக்கும் ஒரு தம்பதியர், படுக்கையும் சமையல் மேடையும் கழிவறையும் பொருத்தப்பட்ட பழைய டீசல் வான் ஒன்றை 2023 மே மாதத்தில் வாங்கினார்கள். அன்றிலிருந்து 2025 ஜூன் வரை நடந்தவற்றை அவர்களுடைய சம்மதத்துடன், பெயர் குறிப்பிடாமல் இங்கே பதிகிறேன். நான் வாகனத் தொழில்நுட்பம் கற்பித்து ஓய்வு பெற்றவன். கணவரின் பள்ளித் தோழன். வாங்கும் முன் ஒரு தடவை கருத்துச் சொன்னேன், பழுது தெரிந்த பின் முழுமையாக உடனிருந்தேன். ஆகவே இது வெளியே நின்று பார்த்தவனின் அறிக்கை அல்ல. என் பங்கில் நேர்ந்த தவறும் இதில் உண்டு, அதை அதற்குரிய இடத்தில் எழுதியிருக்கிறேன்.

பின்னணி

கணவர் அரச சேவையிலிருந்து 60 வயதில் ஓய்வு பெற்றவர். மனைவி தாதிய உத்தியோகத்தராகப் பல ஆண்டுகள் வேலை செய்தவர். இரண்டு முழங்கால்களும் தேய்ந்து, தரையோடு ஒட்டிய கழிவறையில் குந்தி எழும்ப முடியாத நிலையில் இருக்கிறார். நல்லூர்த் திருவிழா, மடு மாதா கோயிலின் ஆவணித் திருவிழா, மட்டக்களப்பு மாமாங்கம், கதிர்காமம் என்று ஆண்டுதோறும் போய் வந்த குடும்பம் அது. முழங்கால் நோவு கூடிய பின் அந்தப் பயணங்கள் ஒவ்வொன்றாக நின்றன. தங்குமடங்களில் இடம் கிடைத்தாலும் கழிவறை ஒத்துவரவில்லை. ஒத்துவரும் விடுதிகள் திருவிழாக் காலத்தில் கிடைக்கவில்லை. மனைவியின் தகப்பனார் அந்தக் காலத்தில் கூடார வண்டி கட்டி, அரிசி சட்டி பானையோடு வெருகல் முருகன் கோயிலுக்குப் போய், வண்டிக்குக் கீழே பாய் விரித்துப் படுத்து வந்தவராம். அந்தக் கூடார வண்டியையே இயந்திரத்தோடு திரும்பப் பெறலாம் என்ற எண்ணம்தான் இந்த வாங்குதலின் வேர். ஆடம்பரத்துக்காக வாங்கினார்கள் என்று அயலில் சிலர் பேசினார்கள். அது சரியல்ல என்பதாலேயே இதை முதலில் எழுதுகிறேன்.

கனடாவில் இருக்கும் மகன் பணத்தின் ஒரு பகுதியை அனுப்பினார். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதால், 2023 இல் இருபத்தைந்து வயதைக் கடந்த வான்களுக்கும் பெரிய விலை சொல்லப்பட்டது. "இப்ப விட்டா இந்த விலைக்குக் கிடைக்காது" என்ற பேச்சு எல்லா இடத்திலும் இருந்தது. அவசரம் அங்கேயே தொடங்கிவிட்டது.

வாங்கிய விதம்

வான் கொழும்புக்கு அண்மையில், ஒரு வீட்டு முற்றத்தில் நின்றது. 1996 இல் ஜப்பானில் தயாரித்த உயர்ந்த கூரை வான். உள்வேலையை விற்பவரே செய்வித்திருந்தார். தம்பதியர் திருகோணமலையிலிருந்து காலையில் புறப்பட்டு, வழியில் தாமதித்து, மாலை ஐந்து மணிக்குத் தூறல் மழைக்குள் போய்ச் சேர்ந்தார்கள். அன்றிரவே ஊர் திரும்ப வேண்டும் என்ற நினைப்பும் கூட இருந்தது.

அவர்கள் பார்த்தவை: மெத்தை, இழுப்பறைகள், நீல நிறச் சிறு விளக்குகள், சின்னக் குளிர்சாதனப் பெட்டி, ஒரு மூலையில் மறைப்புத் துணியோடு உட்காரும் கழிவறை. மனைவி அந்தக் கழிவறையில் உட்கார்ந்து எழும்பிப் பார்த்தார், எதையும் பிடித்துக்கொள்ளாமலே எழும்ப முடிந்தது. அந்த ஒரு நிமிடத்தில் தீர்மானம் ஆகிவிட்டது என்று பின்னர் அவரே சொன்னார்.

பார்க்காதவை: வாகனத்தின் அடிப்பகுதி, கூரையின் மேற்புறம், கதவுகளின் கீழ் விளிம்பு, டயர்களின் வயது. அடிப்பகுதி முழுவதும் புதிதாகக் கறுப்புத் தார்ப்பூச்சு அடிக்கப்பட்டிருந்தது. கணவர் அதை நல்ல பராமரிப்பின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டார். புதுத் தார்ப்பூச்சைக் கண்டால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். துருவைச் சுரண்டி, காயவைத்து அடித்தால் அது காப்பு. துருவின் மேலே அடித்தால் அது மூடி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

என் தவறு இங்கே வருகிறது. கணவர் எஞ்சின் ஓடும் காணொளி ஒன்றைக் கைபேசியில் அனுப்பி, "மச்சான், எப்படி?" என்று கேட்டார். குளிர்ந்த நிலையில் உடனே பற்றியது, புகை வெள்ளையாகவோ நீலமாகவோ இல்லை, ஓட்டம் சீராக இருந்தது. "எஞ்சின் நல்லது" என்று பதில் எழுதினேன். அந்தச் சொல் அங்கே "வான் நல்லது" என்று கேட்கப்பட்டது. அடிச்சட்டத்தின் நான்கு படங்களைக் கேட்டிருந்தால் ஐந்து நிமிடம் கூடப் போயிருக்காது. கேட்கவில்லை. விலை 48 இலட்சம் ரூபாய்க்குப் பேசி முடிந்தது.

பத்திரங்கள்

பதிவுப் புத்தகத்தில் விற்பவரின் பெயர் இல்லை. அவருக்கு முந்திய உரிமையாளர் கையெழுத்திட்ட உரிமை மாற்றப் படிவங்களை, நம் நாட்டில் "ஓப்பன் பேப்பர்" என்று சொல்லும் முறையில், அவர் வைத்திருந்தார். இது பரவலான வழக்கம் என்பதால் தம்பதியர் தயங்கவில்லை. ஆனால் உரிமை மாற்றத்தின்போது முந்திய உரிமையாளரின் அடையாள அட்டைப் பிரதி ஒன்று தெளிவில்லாமல் இருந்ததால் ஆளைத் தேடிப் பிடிக்க இரண்டு மாதம் சென்றது.

அதைவிடப் பெரிய சிக்கல், புத்தகத்தில் 14 இருக்கைகள் என்று இருக்க, வானில் நான்கு இருக்கைகளே இருந்தமை. வாகனத்தின் அமைப்பில் மாற்றம் செய்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அங்கீகாரம் பெற்றுப் புத்தகத்தில் பதிவிக்க வேண்டும். விற்பவர் அதைச் செய்யவில்லை. காப்புறுதி முகவர், பதிவில் ஒன்றும் வாகனத்தில் வேறொன்றுமாக இருந்தால் விபத்து நேரத்தில் இழப்பீடு கேள்விக்குள்ளாகலாம் என்று நேராகவே சொன்னார். இருக்கை எண்ணிக்கை, சாரதி அனுமதிப்பத்திரத்தின் வகுப்பு, காப்புறுதி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தொட்டு நிற்பவை. ஒன்று பிழைத்தால் மற்ற இரண்டும் ஆடும். மாற்றத்தைப் பதிவிக்கும் வேலையை அவர்கள் உடனே தொடங்கியது இந்த நிகழ்வில் சரியாக நடந்த சில காரியங்களுள் ஒன்று. பதிவு திருந்தும் வரை அயலூருக்குக்கூட வானை எடுக்க மாட்டோம் என்று மனைவி பிடிவாதமாக நின்றார்.

முதற்பயணத்தில் கண்டவை

2023 ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்குப் போனார்கள். ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாக ஏறத்தாழ 235 கிலோமீற்றர். யானை இறங்கும் பகுதிகளைப் பொழுது பட முன் கடக்க வேண்டும் என்பதால் விடியற்காலை புறப்பட்டார்கள். இந்த வழக்கத்தை இன்றுவரை மாற்றவில்லை.

முதல் நாள் இரவு நன்றாகக் கழிந்தது. இரண்டாம் நாள் காலை எஞ்சின் பற்றவில்லை. குளிர்சாதனப் பெட்டி, இரண்டு மின்விசிறிகள், விளக்குகள் யாவும் எஞ்சினைப் பற்றவைக்கும் அதே 70 ஆம்பியர்-மணி பற்றரியில் இணைக்கப்பட்டிருந்தன. கணக்கு எளியது. 45 வாற் குளிர்சாதனப் பெட்டி அந்த வெக்கையில் பாதி நேரம் ஓடினாலும் 12 மணித்தியாலத்தில் 270 வாற்-மணி, 15 வாற் விசிறிகள் இரண்டு பத்து மணித்தியாலம் ஓட 300, விளக்குகளுக்கு 40. கூட்டினால் 610 வாற்-மணி, அதாவது 12 வோல்ற்றில் ஏறக்குறைய 51 ஆம்பியர்-மணி. ஈய-அமிலப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறுகும். பற்றவைப்பதற்கென்று செய்யப்பட்ட பற்றரிக்கு அந்தப் பாதியே அதிகம். 2022 மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு இன்வேட்டர் வாங்கிப் பழகியவர்கள் நம் ஊரில் பலர். இதே கணக்கை வீட்டுக்குப் போட்ட கணவர் வானுக்குப் போடவில்லை. வானில் எல்லாம் ஏற்கெனவே போட்டிருக்கிறது, அதைச் செய்தவர் கணக்குப் பார்த்திருப்பார் என்று அவர் நம்பினார்.

கம்பியும் மெல்லியது. பற்றரியிலிருந்து பின்பக்கத்துக்குப் போய்வர 10 மீற்றர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் செம்புக் கம்பி போட்டிருந்தார்கள். 10 ஆம்பியர் ஓடும்போது அதில் மட்டும் 0.7 வோல்ற் வரை குறையும். இடையில் பியூஸ் ஒன்றும் இல்லை. எழுத வேண்டிய எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் அச்சம் தந்தது இதுதான். ஏனென்றால் பியூஸ் இல்லாத கம்பி இரும்பில் உரசினால், ஆட்கள் படுத்திருக்கும் மரப்பலகைக்குக் கீழேதான் தீப்பற்றும்.

இரண்டாவது, எரிவாயு. 12.5 கிலோ சிலிண்டர் கட்டிலுக்குக் கீழே, மூடிய பெட்டிக்குள் இருந்தது. மூன்றாம் நாள் இரவு மனைவிக்கு மணம் தெரிந்தது. திரவப் பெற்றோலிய வாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே எழும்பிப் போகாமல் தாழ்ந்த இடத்தில் தேங்கும், யன்னல் திறந்திருந்தாலும் கட்டிலுக்குக் கீழே நிற்கும். 2021 இன் கடைசி மாதங்களில் நாட்டில் எத்தனையோ வீடுகளில் எரிவாயு வெடிப்புகள் நேர்ந்ததை அவர் மறந்திருக்கவில்லை. அந்த நேரத்திலேயே கணவரை எழுப்பி, விளக்கின் ஆளியைக்கூடத் தொடவிடாமல், கதவுகளைத் திறந்து, சிலிண்டரை வெளியே இறக்கி வைத்தார். மிகுதி நாட்களுக்குச் சமையல் இல்லை, கடைச் சாப்பாடு.

மூன்றாவது, அந்தக் கழிவறை. அதன் குழாய் தரைக்குக் கீழே ஓர் அடைப்பானோடு முடிந்தது. சேகரிக்கும் தொட்டி கிடையாது. திறந்தால் தெருவில்தான் விழும். கோயில் வீதியில் வாகனத்தை நிறுத்திவிட்டுத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். மனைவி அன்றோடு அதைப் பூட்டினார். வானை வாங்கியதற்கே காரணமாக இருந்த பொருள் முதற்பயணத்திலேயே பயன்படாமல் போனது. அந்த ஏமாற்றத்தை அவர் அதிகம் பேசவில்லை. நான்கு நாள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது.

மாரிக்கால நிறுத்தம்

திருகோணமலையில் மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, வாடைக்காற்றோடு வரும். மாரி முடிந்த பின் பழுதுகளைப் பார்ப்போம் என்று வானை வீட்டு வளவிலேயே நிறுத்தினார்கள். கடற்கரையிலிருந்து அந்த வளவு 200 மீற்றருக்குள். நீர் உள்ளே போகாதிருக்கட்டும் என்று முழு வானையும் தார்ப்பாயால் இழுத்து மூடிக் கட்டினார்கள். இரு கிழமைக்கு ஒரு தடவை தார்ப்பாயைக் கழற்றி, கிணற்று நீரால் அடிப்பகுதியைக் கழுவி, திரும்ப மூடினார்கள்.

அக்கறையோடு செய்த இந்த இரண்டு காரியங்களும் வானுக்குத் தீமையாக முடிந்தன. கடற்காற்று கொண்டுவரும் உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். தார்ப்பாய்க்குள் காற்றோட்டம் இல்லாததால் அந்த ஈரம் காயவே இல்லை. திறந்த வெளியில் நின்றிருந்தால் மழை உப்பைக் கழுவியிருக்கும், இடையிடையே வெயில் காயவைத்திருக்கும். கிணற்று நீரோ அந்தப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றைப் போல உவர். கழுவிய ஒவ்வொரு முறையும் அடிச்சட்டத்துக்குள் கொஞ்சம் உப்பு சேர்ந்தது. கடலோரத்தில் வாகனம் வைத்திருப்போர் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்: நாவில் வைத்து உப்புக் கரிக்கும் நீரால் வாகனத்தைக் கழுவுவதைவிடக் கழுவாமல் விடுவது மேல். குழாய் நீர் இல்லாவிட்டால் மழைநீரைத் தேக்கியாவது கழுவலாம்.

அடிச்சட்டத்தில் கண்டறிந்தது

2024 ஜனவரியில், தைப்பொங்கலுக்குப் பிறகு, மனைவி உள்ளே கூட்டித் துடைக்கப் போனபோது கழுவுதொட்டிக்குப் பக்கத்தில் தரை காலடியில் அமிழ்ந்தது. லினோலியத்தைத் தூக்கினால் பலகை கறுத்து, விரலால் அழுத்த நீர் கசிந்தது. என்னை அழைத்தார்கள். நான் கிண்ணியாவில் உள்ள, தகடு வேலையில் நீண்ட அனுபவமுள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் உள்வேலை எதையும் பார்க்கவில்லை. வானுக்குக் கீழே சாக்கு விரித்து மல்லாந்து படுத்து, சிறு சுத்தியலால் அடிச்சட்டத்தை முன்பக்கத்திலிருந்து சாண் சாணாகத் தட்டிக்கொண்டு வந்தார். கணீர் கணீர் என்று வந்த சத்தம் இடது பின் சில்லுக்கு ஒரு முழம் முன்னால் தொப்பென்று மாறியது. அந்த இடத்தில் இரண்டு முறை தட்டினார். உள்ளங்கை அளவில் ஒரு பொருக்கு, மேலே கறுப்புப் பூச்சும் உள்ளே செம்மண் நிறமுமாக, அவருடைய நெஞ்சில் விழுந்தது. அதைக் கையில் எடுத்து, அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டி, "சேர், இங்கால இரும்பு இல்ல. பெயின்ட்தான் நிக்குது" என்றார். "எவ்வளவு தூரம், நானா?" என்று கணவர் கேட்டார். அவர் சுண்ணக்கட்டியால் கோடு கீறினார், இரண்டரை அடி.

அந்த இடத்துக்கு நேர் மேலேதான் கழுவுதொட்டியின் வடிகுழாயும் கழிவறைக் குழாயும் தரையைத் துளைத்து இறங்கின. துளைகளின் விளிம்பில் பூச்சுமில்லை, அடைப்புமில்லை. ஆண்டுக்கணக்காகச் சவர்க்கார நீரும் கழிவும் கசிந்து அடிச்சட்டத்தின் உட்கூட்டுக்குள் இறங்கியிருக்கின்றன; வெளியே அடித்த தார்ப்பூச்சு, உட்கூட்டின் நீர்வடி துளைகளையும் சேர்த்து அடைத்துவிட்டது. ஆகவே இந்தத் துரு உப்புவெளியில் தொடங்கியதல்ல. உப்புவெளியின் நான்கு மாதம் அதை விரைவாக்கியது, அவ்வளவே.

அதே கிழமை வானைக் கந்தளாய்ப் பக்கத்து அரிசி ஆலையொன்றின் வாகனத் தராசில் ஏற்றினோம். நீர்த்தொட்டி நிறைந்து, இருவரும் உள்ளே இருக்க, அனுமதிக்கப்பட்ட மொத்த எடைக்கு 70 கிலோவே மிச்சம் இருந்தது. இன்னும் இரண்டு பேர் ஏறினால் எல்லை கடந்துவிடும். காரணம் தேட வேண்டியிருக்கவில்லை: அலுமாரிகள் யாவும் 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை, எட்டுக்கு நான்கு அடிப் பலகை ஒன்றே 35 கிலோ வரும். 100 லீற்றர் நீர்த்தொட்டி முழுவதும் இடது பின்பக்கம், அதாவது அரித்துப்போன அதே பக்கம். இரவில் எதிரே வருவோர் தமக்குக் கண் கூசுவதாக விளக்கை அணைத்தணைத்துக் காட்டியதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. பின்பக்கம் தாழ்ந்து முன்விளக்குகள் மேல்நோக்கி நின்றிருக்கின்றன. டயர்களின் பக்கச்சுவரில் இருந்த நான்கு இலக்கங்கள் 2314. 2014 ஆம் ஆண்டின் 23 ஆம் கிழமையில் செய்யப்பட்டவை. பூக்கள், அதாவது தரையில் படும் வரிகள், தேயவில்லை, ஆனால் பத்து வயதான றப்பர்.

எடுத்த முடிவும் காரணமும்

மூன்று வழிகள் இருந்தன. அப்படியே விற்பது, அனைத்தையும் முன்போலவே திருத்துவது, உள்வேலையில் பெரும்பகுதியைக் கழற்றி, இருவருக்கான எளிய வானாக மாற்றுவது.

கணவர் மனம் வெறுத்துப் போயிருந்தார். அவருக்குத் தெரிந்த தரகர் ஒருவர், "ஒரு தகட்டை வச்சு, மேல ஒரு கோட் அடிச்சு வித்துடுங்க அண்ணே, விலை அப்படியே இருக்கு" என்று சொன்னார். அது உண்மையும்தான், அந்நேரம் இறக்குமதி திறக்கவில்லை, வாங்க ஆள் இருந்தது. மனைவி மறுத்துவிட்டார். "எங்களுக்குச் செஞ்சதை நாங்க இன்னொரு வீட்டுக்குச் செய்யிறதா? அதுல யாருடையோ பிள்ளையள் படுக்கும்" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு எழவில்லை. பழுதைச் சொல்லி விற்றால் கிடைக்கக்கூடிய விலையை இரண்டு இடத்தில் கேட்டார்கள். திருத்தச் செலவையும் விடக் கூடிய நட்டம் வரும் என்று தெரிந்தது.

மூன்றாம் வழியை நான் வலியுறுத்தினேன். இவர்களுக்கு வேண்டியது மூன்றே மூன்று: காலை நீட்டிப் படுக்க இடம், இரவில் விசிறி, மனைவிக்கு ஏற்ற உயரத்தில் கழிவறை. கழுவுதொட்டி, பெரிய சிலிண்டர், மேல் அலுமாரிகள் ஆகியவற்றை அவர்கள் கேட்டு வாங்கவில்லை, வானோடு வந்தன. அவற்றைத் தாங்கவே எடை போகிறது, அவற்றின் குழாய்களாலேயே துரு வந்தது.

திருத்த வேலை

2024 பெப்ரவரியில் தொடங்கி மே வரை நடந்தது. உள்வேலை முழுவதையும் கழற்றிய பின் தகடு வேலை செய்பவர் அரித்த பகுதியை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்தார். இரண்டரை அடி என்று கீறியது கடைசியில் மூன்றரை அடியாயிற்று. வெட்டாமல் மேலே தகடு ஒட்டுவதை அவரே ஏற்கவில்லை. புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, நீர்வடி துளைகளைத் திறந்து, உட்கூட்டுக்குள் மெழுகுக் காப்பைப் பீச்சி, கடைசியில்தான் வெளிப்பூச்சு அடிக்கப்பட்டது. தரையில் இருந்த துளைகள் எல்லாம் மூடப்பட்டன. இந்த வானின் தரையில் இப்போது ஒரு குழாயும் இறங்குவதில்லை.

மின்வேலையை நான் வடிவமைத்தேன். எஞ்சினுக்குரிய பற்றரி எஞ்சினுக்கே. உள்பாவனைக்குத் தனியே 100 ஆம்பியர்-மணி லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி, ஏறத்தாழ 1,280 வாற்-மணி. கூரையில் 200 வாற் சூரியத் தகடு. நாளுக்கு ஐந்து மணித்தியால நல்ல வெயில் என்று எடுத்தால் ஏட்டில் 1,000 வாற்-மணி வர வேண்டும். ஆனால் நம் வெயிலில் தகடு 65 பாகை வரை கொதிக்கும். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் குறையும். கம்பியிலும் கட்டுப்படுத்தியிலும் போவதையும் கழித்தால் 650 தான் நம்பலாம். ஒரு நாளின் தேவையோ 880. மிச்சத்தை, எஞ்சின் ஓடும்போது மின்னேற்றும் கருவி நிரப்புகிறது. ஆகவே ஓடாமல் ஓரிடத்தில் மூன்று நாள் நின்றால் குளிர்சாதனப் பெட்டியை இரவில் நிறுத்த வேண்டும் என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே சொன்னேன். கம்பிகள் 6 சதுர மில்லிமீற்றருக்கு மாற்றப்பட்டன. பற்றரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ்.

எரிவாயுவுக்கு 2.3 கிலோச் சிறு சிலிண்டர், பின்கதவுப் பக்கமாக வெளியிலிருந்து மட்டும் திறக்கும் பெட்டியில். பெட்டியின் அடியில் காற்றுத்துளை. சமையல் வானுக்கு வெளியேதான். மழையானாலும் கதவை மூடி உள்ளே அடுப்பு மூட்டுவதில்லை. அடுப்பு எரியும் மூடிய இடத்தில் சேரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது. கழிவறைக்குத் தூக்கி எடுக்கக்கூடிய, தொட்டியுள்ள பெட்டி ஒன்று. அது தாழ்வாக இருந்ததால் தச்சரிடம் மேடை செய்வித்து, இருக்கையைத் தரையிலிருந்து 45 சென்ரிமீற்றருக்கு உயர்த்தினார்கள். தொட்டியை எங்கே வெறுமையாக்குவது, எதனால் கழுவுவது என்பதைத் தாதியான மனைவியே எழுதி உட்கதவில் ஒட்டினார். தெருவோரமும் குளமும் அதில் இல்லை.

செலவு: தகடு வேலைக்கு 5,60,000 ரூபாய்; மின்வேலை 2,75,000; நான்கு டயர்கள் 1,40,000; கழிவறை, நீர், உள்வேலை 1,65,000. மொத்தம் 11,40,000. வாங்கிய விலையின் கால்வாசிக்குச் சற்றுக் குறைவு. உள்ளே 9 மில்லிமீற்றர் பலகையும் துணிப்பைகளும் வைத்து, நீரைச் சிறு கலன்களில் பிரித்து இரு பக்கமும் வைத்ததால், அதே தராசில் வான் 240 கிலோ குறைந்து நின்றது.

பின்னர் நடந்தவை

2024 ஆவணியில் நல்லூருக்குப் போய் ஐந்து இரவு தங்கினார்கள். மனைவி தண்ணீர் தாராளமாகக் குடித்தார் என்று கணவர் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். வேறு எதையும் விரித்துச் சொல்லவில்லை. மாமாங்கமும் மடுவும் கதிர்காமமும் அதன்பின் நடந்தன. கதிர்காமப் பயணத்தில் இரண்டாம் இரவு மின்விசிறி ஒன்று நின்றது. பியூஸ் எரிந்திருந்தது, கம்பி ஒன்று கட்டிலின் ஆணியில் உரசியிருந்தது. பழைய அமைப்பில் அதுவே தீயாகியிருக்கும்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறக்கப்பட்டது. பழைய வான்களின் விலை இனி அப்படியே நிற்கும் என்று நம்பி வைத்திருக்க முடியாது என்று கணவர் கவலைப்பட்டார். அந்தக் கவலை நியாயமானது. விற்கும் விலையை எண்ணித் திருத்தியிருந்தால் இந்தச் செலவு பிழையான முடிவு. அவர்கள் வைத்திருந்து பாவிப்பதற்காகத் திருத்தினார்கள். 2025 ஜூன் வரை 41 இரவுகள் அதில் படுத்திருக்கிறார்கள்.

நிறுத்தும் இடம் மாறியது. கன்னியாவில், கடலிலிருந்து உள்ளே தள்ளி, மனைவியின் தம்பி வீட்டில் நாற்புறமும் திறந்த தகரக் கொட்டகைக்குள் வான் நிற்கிறது. தார்ப்பாய் இல்லை. பத்து நாளுக்கு ஒரு தடவை தம்பியார் அதைப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓட்டி வருகிறார். 2024–25 மாரியின் பின் அதே தகடு வேலைக்காரர் அதே சுத்தியலோடு படுத்துத் தட்டிப் பார்த்தார். ஒட்டு வைத்த இடம் நன்றாக இருந்தது. வலது முன்கதவின் கீழ் விளிம்பில் புதிதாகக் கொப்புளம்போல் ஒரு துரு. காந்தம் அங்கே ஒட்டவில்லை. முன்பு யாரோ கட்டலோய் என்ற நிரப்புப் பசையைப் பூசி மறைத்த இடம் அது.

திரும்ப வாங்குவதானால் மாற்ற வேண்டியவை

முதலில் வாடகைக்கு எடுத்திருக்க வேண்டும். இத்தகைய வான்கள் இலங்கையில் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. நான்கு இரவு படுத்தாலே எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரிந்திருக்கும். வாடகை வீண் செலவு என்று கணவர் அப்போது நினைத்தார். இப்போது அப்படி நினைக்கவில்லை.

காலை வெளிச்சத்தில், மழையில்லாத நாளில் பார்க்க வேண்டும். சேவை நிலையத்தில் வாகனத்தைத் தூக்கி, சுத்தியலால் தட்டிப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் அங்கேயே திரும்பிவிடலாம். தார்ப்பூச்சின் மேல் தட்டிப் பயனில்லை என்று சிலர் சொல்வார்கள்; சத்தம் பூச்சையும் தாண்டி வரும், நாங்கள் கேட்டோம். தரையில் இறங்கும் ஒவ்வொரு குழாயையும் பின்தொடர்ந்து அது எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். நிறைந்த நீரோடு தராசில் ஏற்ற வேண்டும். பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயரும் எதிரே நிற்பவரின் அடையாள அட்டையும் ஒன்றாக இருக்க வேண்டும், இருக்கை எண்ணிக்கையை உள்ளே போய் எண்ண வேண்டும்.

என் பக்கத்தில் மாற்றியது ஒன்று: இப்போது யார் காணொளி அனுப்பிக் கேட்டாலும், எஞ்சினைப் பற்றிச் சொல்லும் முன் அடிச்சட்டத்தின் படங்களைக் கேட்கிறேன். படம் வராவிட்டால் பதிலும் எழுதுவதில்லை.

வலது கதவின் விளிம்பை வெட்டித் திருத்தும் வேலை, அடுத்த நல்லூர்ப் பயணத்துக்கு முன் முடிக்க வேண்டும் என்று கிண்ணியாவுக்குச் சொல்லியாகிவிட்டது.